பூட்டு எங்கே, தம்பி?

"பிஸ்டல் வாங்கப் போறேம்மா" என்று போனில் சொன்னதும் மதுரையிலிருந்து அம்மா கேட்ட முதல் கேள்வி, "யாரைடா சுடப் போறே?"

"காகிதத்தை."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இந்தாங்க, உங்க புள்ளைக்கு ஜெர்மனி குளிர் ஒத்துக்கலை போலிருக்கு. காகிதத்தைச் சுடப் போறானாம்" என்று அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. துப்பாக்கிக்கும் எங்கள் பரம்பரைக்கும் இருந்த ஒரே சம்பந்தம், தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுட்டதுதான். பத்து குண்டுக்கு ஒரு பலூன் உடைத்தேன். அதுவும் நான் குறி வைத்த பலூன் இல்லை. "காத்து அடிக்குது தம்பி" என்று கடைக்காரர்தான் ஆறுதல் சொன்னார்.

அப்படிப்பட்டவனுக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சனி பிடித்தது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கினார். சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். ஸ்டுட்கார்ட்டில் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து பார்த்தேன். ஓடவில்லை, குதிக்கவில்லை, வியர்க்கவில்லை. ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு இன்னொரு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 'இதுதாண்டா நம்ம விளையாட்டு' என்று உள்ளே ஒரு குரல். நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவனுக்கு நிற்பதே பெரிய உடற்பயிற்சி அல்லவா?

நம்மூரில் தெருவுக்குத் தெரு ரசிகர் மன்றம் மாதிரி, ஜெர்மனியில் ஊருக்கு ஊர் ஒரு சுடுதல் சங்கம் உண்டு. அகில ஜெர்மன் சங்கம் 1861-ல் ஆரம்பித்தது. உறுப்பினர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். எங்கள் பேட்டைச் சங்கத்தில் பாதிக் கட்டடம் சுடுதளம், மீதிப் பாதி சாப்பாட்டுக் கூடம். எந்தப் பாதிக்கு அதிகம் பேர் வருகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

அங்கேதான் பெரியவரைச் சந்தித்தேன். ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சங்கத்துப் பிஸ்டலை என் கையில் கொடுத்து, "சுடாதே. சும்மா நீட்டிப் பிடி" என்றார். ஒரு கிலோவுக்கு மேல் எடை. ஒரு நிமிஷத்தில் கை, கரகாட்டம் ஆடியது.

இந்த விளையாட்டின் கணக்கைக் கேளுங்கள். தூரம் 10 மீட்டர். பத்து மார்க் வாங்க வேண்டிய நடு வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. டிரிகரை இழுக்கக் குறைந்தது 500 கிராம் விசை வேண்டும் என்பது விதி. போட்டியில் 60 குண்டுகளை 75 நிமிஷத்துக்குள் சுட வேண்டும். அறுபது தடவை கையை நீட்டி, அறுபது தடவை மூச்சை அடக்கி, அறுபது தடவை 'நான் ஏன் இங்கே வந்தேன்' என்று யோசிக்க வேண்டும்.

வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்துப் பழகினேன். எதிர் ஜன்னல் அம்மாள் ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, "எதையாவது காயப் போடுகிறீர்களா?" என்று விசாரித்தார்.

பழசு வாங்கும் சாஸ்திரம்

சொந்தமாக ஒன்று வாங்க ஆசை வந்துவிட்டது. போட்டிக்குரிய புது ஏர் பிஸ்டல் 1,500 யூரோவுக்கு மேல். ஊரில் வீட்டுக் கடன் கட்டுகிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. பெரியவர்தான் வழி சொன்னார்: "பழசு வாங்கு. ஆனா, சிலிண்டர் உள்ளதை வாங்காதே."

இப்போதைய பிஸ்டல்களில் குழலுக்குக் கீழே ஒரு காற்று சிலிண்டர் இருக்கும். அதற்கு மருந்து பாட்டில் மாதிரி காலாவதித் தேதி உண்டு. தேதி தாண்டிவிட்டால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். பிஸ்டல் சல்லிசாகக் கிடைக்கும். பிறகு சிலிண்டர் வாங்கி அழ வேண்டும்.

"ஸ்பிரிங் வைத்த பழைய பிஸ்டல் ஒன்று இருக்கிறது. ஃபைன்வெர்க்பாவ் 65. 1965-ல் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் செய்தார்கள். அதைத் தேடு" என்றார்.

அதன் உள் விவகாரம் ரொம்ப எளிது. நம்ம சைக்கிள் பம்புதான். பக்கவாட்டில் ஒரு நெம்புகோல். அதை இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கிப் பூட்டிக்கொள்ளும். டிரிகரைத் தொட்டால் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை அமுக்கும். காற்று, அரை கிராம் ஈயக் குண்டைத் தள்ளும்.

இதில் ஒரு சிக்கல். பரிசலிலிருந்து கரைக்குத் தாவினால் பரிசல் பின்னால் போகும் இல்லையா? அதுபோல பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். குண்டு குழலை விட்டுப் போவதற்குள் குறி தவறிவிடும். இந்தப் பிஸ்டலில் குழலும் பம்பும் சேர்ந்து ஒரு தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சுடும்போது அந்த மேல்பகுதி மட்டும் பின்னால் நழுவும். உதை கைக்கு வந்து சேராது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்து மூளை!

பெரியவர் ஐந்து விதிகள் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒன்று: முதல் தடவை போகும்போது பணம் கொண்டு போகாதே. இரண்டு: திருகாணித் தலைகளைப் பார். காது கிழிந்திருந்தால் தெரியாதவன் எவனோ திறந்திருக்கிறான். மூன்று: கைப்பிடி யார் கைக்குச் செதுக்கியது என்று பார். நான்கு: எவ்வளவு சுட்டது என்று கேட்காதே, எத்தனை வருஷமாகச் சுடாமல் கிடக்கிறது என்று கேள். ஐந்து: ஐந்து குண்டாவது சுட்டுப் பார்க்காமல் வாங்காதே.

இதில் எத்தனை விதிகளை நான் மீறினேன் என்பதுதான் மீதிக் கதை.

ஓபர்ன்டார்ஃப் போனோம்

சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுச் சீட்டு: 'கணவரின் பிஸ்டல் விற்பனைக்கு. 220 யூரோ. ஓபர்ன்டார்ஃப்.' அந்தப் பிஸ்டல் பிறந்த ஊரே ஓபர்ன்டார்ஃப்தான். திருநெல்வேலியிலேயே அல்வா கிடைக்கிற மாதிரி!

சனிக்கிழமை காலை ரயில் ஏறினேன். துணைக்கு ஆபீஸ் நண்பர், கும்பகோணத்துக்காரர். சுத்த சைவம். "அங்கே பார்க்க ஏதாவது கோயில் இருக்கா சார்?" என்றார். "மடம் இருக்கு" என்றேன். கிளம்பிவிட்டார்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து தெற்கே போகும் ரயில் ஹோர்ப் தாண்டியதும் நெக்கார் ஆற்றோடு சேர்ந்துகொள்கிறது. ஆறு என்றால் நம் காவிரி மாதிரி இல்லை. இங்கே இன்னும் வாய்க்கால் சைஸ்தான். இரண்டு பக்கமும் காடு மூடிய சரிவு. ஆறு வளைந்தால் ரயிலும் வளைகிறது. வைகை எக்ஸ்பிரஸில் கொடைரோடு தாண்டும்போது மலை தெரியுமே, அதை ரயிலின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது போல.

ஓபர்ன்டார்ஃப் இரண்டு மாடி ஊர். ஆற்றங்கரையில் கீழூர், சரிவின் மேல் மேலூர். அந்த அம்மாள் வீடு மேலே. மூச்சு வாங்க ஏறினோம். "சுடறதுக்கு முன்னாடி மூச்சை அடக்கணும்னு சொன்னீங்களே, இங்கே மூச்சே இல்லையே" என்றார் கும்பகோணம்.

எண்பது வயதுப் பாட்டி. முதலில் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாப்பிட உட்காரச் சொன்னார். அந்த வட்டாரத்து விசேஷமான பருப்பும் ஷ்பெட்ஸ்லேயும். சாம்பாரில் கனமான இடியாப்பத்தை ஊறப் போட்டது போல இருக்கும். மேலே ஒரு சாஸேஜ் படுத்திருந்தது. கும்பகோணம் அதை ஆபத்தான வெடிபொருள் போல என் தட்டுக்கு மாற்றினார்.

பிறகு பிஸ்டல் வந்தது. பழைய துணியில் சுற்றி, ஒரு மரப்பெட்டியில். என்ன பளபளப்பு! திருகாணித் தலைகள் புத்தம்புதுசு. குழலுக்குப் பக்கத்தில் ஐங்கோணத்துக்குள் 'எஃப்' முத்திரை. 1970 முதல் ஜெர்மனியில் 7.5 ஜூலுக்கு மேல் போகாத காற்றுத் துப்பாக்கிக்குப் போடும் முத்திரை அது. 18 வயது ஆனவர்கள் லைசென்ஸ் இல்லாமல் வாங்கலாம் என்று அர்த்தம்.

நாலாவது விதியை ஞாபகப்படுத்திக்கொண்டு கேட்டேன்: "எத்தனை வருஷமாகச் சுடவில்லை?"

"அவர் கடைசியாகச் சுட்டது 2003-ல். அப்புறம் கை நடுக்கம் வந்துவிட்டது."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இருபது வருஷம் ஓடாத அம்பாசடர் கிடைத்தால் எப்படி இருக்கும்! (கேள்வியைச் சரியாகக் கேட்டேன். பதிலைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். ஆபீஸிலும் என் பிரச்னை இதுதான்.)

கைப்பிடியைப் பிடித்தேன். வால்நட் மரம். விரல்கள் உட்காரும் பள்ளங்களை அந்த மனிதர் தன் கைக்கு ஏற்றபடி அரத்தால் ராவியிருந்தார். கட்டை விரல் பக்கம் மரப்பசை வைத்து மேடு பண்ணியிருந்தார். பெரிய கை. என் கை அதற்குள், அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி இருந்தது.

"இந்தப் பள்ளத்தாக்கில் நாற்பது வருஷம் லேத்தில் வேலை பார்த்த கை" என்றார் பாட்டி. வேறெதுவும் சொல்லவில்லை.

முதல் விதியை மீறினேன். பையிலிருந்து 220 யூரோவை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் பணத்தைத் தொடவில்லை.

"பூட்டு எங்கே, தம்பி?"

ஜெர்மன் மொழியில் தம்பி என்று அழைக்கும் வழக்கம் இல்லைதான். ஆனால் அவர் கேட்ட தோரணைக்கு வேறு தமிழ் கிடையாது.

"எந்தப் பூட்டு?"

"இதை எதில் கொண்டுபோவீர்கள்?"

முதுகுப் பையைக் காட்டினேன். பாட்டி பிஸ்டலைத் திரும்பத் துணியில் சுற்றினார். "பூட்டின பெட்டியில்தான் இது என் வீட்டை விட்டுப் போகும்."

அவர் சொன்னது சட்டம்தான். லைசென்ஸ் தேவையில்லை என்றாலும் தெருவில் கையோடு எடுத்துப் போகக் கூடாது. குண்டு போடாமல், சட்டென்று எடுக்க முடியாதபடி பூட்டிய பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டிலும் பூட்டித்தான் வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், 'காத்துத் துப்பாக்கிதானே' என்று ஒரு அலட்சியம்.

"வின்னெண்டன் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும். ஸ்டுட்கார்ட் பக்கத்து ஊர். 2009 மார்ச் 11-ம் தேதி 17 வயதுப் பையன் ஒருவன் தான் படித்த பள்ளிக்குள் நுழைந்து சுட ஆரம்பித்தான். அன்றைக்குப் போன உயிர்கள் 15, அவனைச் சேர்க்காமல். சுட்டது அப்பாவின் பிஸ்டல். அப்பா சுடுதல் சங்க உறுப்பினர். மற்ற துப்பாக்கிகளெல்லாம் இரும்புப் பெட்டியில் இருக்க, அது ஒன்று மட்டும் படுக்கையறை அலமாரியில், பூட்டாமல். அதற்குப் பிறகு சட்டத்தை இறுக்கினார்கள். துப்பாக்கி எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்க்கலாம் என்றானது.

"அது வெடிமருந்துப் பிஸ்டல், பாட்டி. இது…" என்று இழுத்தேன்.

"பழக்கம் ஒன்றுதான்" என்றார். "என் கணவர் அன்றைக்கு ராத்திரியே இந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். அவர் போன பிறகு அந்தச் சாவியைத் தொலைத்துவிட்டேன். மகன் வந்து பூட்டை அறுத்தான். அதிலிருந்து எனக்கு ராத்திரி தூக்கம் சரியாக இல்லை."

பூட்டு வாங்கிவருகிறேன் என்று கீழே ஓடினோம். சனிக்கிழமை மத்தியானம். சின்ன ஊர். கண்ணில் பட்ட கடைகளெல்லாம் சாத்தியிருந்தன. பூட்டுத் தேடிப் போன இடத்தில் கடைகளே பூட்டியிருந்தன!

துப்பாக்கி மடம்

அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது. கும்பகோணத்துக்கு வாக்குக் கொடுத்த மடத்தைக் காட்டப் போனேன். பழைய அகஸ்டினியன் துறவிகள் மடம். அழகான தேவாலயம், கூரை முழுக்க ஓவியம். "ஆஹா, சாந்தம்னா இதுதான் சார்" என்று கை கூப்பினார்.

"1811-ல் வுர்ட்டெம்பர்க் ராஜா இந்த மடத்தில்தான் துப்பாக்கித் தொழிற்சாலை வைக்க உத்தரவு போட்டார்" என்றேன். கூப்பிய கையை இறக்கிவிட்டார்.

அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் பிள்ளைகள்தான் வில்ஹெல்ம் மௌசரும் பால் மௌசரும். அவர்கள் செய்த துப்பாக்கி 1871-ல் ஜெர்மன் ராணுவத்துக்குப் போனது. 1898 மாடல், இரண்டு உலகப் போர்களையும் பார்த்தது. அது நம் நாட்டுக்கும் அந்நியமான பெயர் இல்லை. 1914 ஆகஸ்ட் 26-ல் கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து புரட்சிக்காரர்கள் 50 மௌசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் மாட்டு வண்டியில் கடத்திக்கொண்டு போனார்கள். அந்த மௌசர்களுக்கும் ஊர் இதுதான்.

இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டவரைப் பிடித்துவந்து இங்கே வலுக்கட்டாயமாக வேலை வாங்கினார்கள். 1945-ல் பிரெஞ்சுப் படை வந்தது. மெஷின்களைக் கழற்றி எடுத்துப்போனார்கள். ஆலையை இடித்தார்கள். ஊரே வேலை இல்லாமல் நின்றது.

வேலை போன மௌசர் எஞ்ஜினீயர்கள் சின்னச் சின்னப் பட்டறை போட்டார்கள். 1949-ல் ஒரு கூட்டம் ஹெக்லர்-கோக் கம்பெனியை ஆரம்பித்தது. அது பிறகு ராணுவத் துப்பாக்கிக்கே திரும்பியது, இன்றும் செய்கிறது. வெஸ்டிங்கர், ஆல்டன்பர்கர் என்ற இன்னும் இரண்டு பேர் ஆரம்பித்ததுதான் ஃபைன்வெர்க்பாவ். அவர்கள் காகிதத்தில் ஓட்டை போடும் துப்பாக்கியில் பெயர் வாங்கினார்கள். ஒரே பட்டறையில் தொழில் படித்த கைகள்; ஒன்று இந்தப் பக்கம் போனது, இன்னொன்று அந்தப் பக்கம். ஊர் திருந்திவிட்டது என்று கதை முடிக்க ஆசைதான். ஆனால் இரண்டு கம்பெனியும் அதே ஊரில்தான் இருக்கின்றன.

ரயிலில் திரும்பும்போது கும்பகோணம் கேட்டார்: "ஏன் சார், அந்தப் பாட்டிக்குப் பணம் வேணும்தானே? பின்னே ஏன் திருப்பி அனுப்பினாங்க?"

"தூக்கம் வேணும்னாங்களே" என்றேன்.

புஸ்!

அடுத்த சனிக்கிழமை கும்பகோணத்தின் காரில் போனோம். பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, நாலு யூரோவுக்கு ஒரு பூட்டு. பாட்டி பெட்டியைப் பூட்டச் சொன்னார். நம்மூர்ப் பாட்டிகள் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார்களே, அதே மாதிரி இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் பணத்தை எண்ணினார்.

சுட்டுப் பார்க்கவில்லை. ஐந்தாவது விதியும் போச்சு.

வீட்டுக்கு வந்ததும் பாசம் பொங்கியது. இருபது வருஷம் பட்டினி கிடந்த மெஷினுக்கு எண்ணெய் விடலாம் என்று தோன்றியது. தையல் மெஷின் எண்ணெய் இருந்தது. காற்று வரும் துவாரத்தில் நாலு சொட்டு. இன்னும் நாலு சொட்டு.

மறுநாள் சங்கத்தில், நாலு பேர் பார்க்க, குண்டு போட்டுச் சுட்டேன். டமால்! தீபாவளிப் புகை. கருகல் வாடை. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பெரியவர் ஓடி வந்தார். "எண்ணெய் விட்டாயா?"

"கொஞ்சம்…"

"காற்றை வேகமாக அமுக்கினால் சூடேறும். எண்ணெய் பற்றிக்கொள்ளும். நீ வாங்கியது பிஸ்டல். அதை டீசல் எஞ்ஜின் ஆக்கிவிட்டாய்."

அடுத்த குண்டு, 'புஸ்'. அதற்கடுத்தது இன்னும் ஈனமான புஸ். வேகம் அளக்கும் கருவியில் வினாடிக்கு 80 மீட்டர்கூட வரவில்லை. நல்ல நிலையில் 130, 140 மீட்டர் வர வேண்டிய பிஸ்டல். குழல் வாயிலிருந்து பழுப்பாகத் தூள் கொட்டியது.

பெரியவர் பட்டறையில் திறந்தார். (நீங்கள் திறக்காதீர்கள். நெம்புகோலை இழுக்காதபோதும் உள்ளே ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கும். அதை அடக்கிப் பிடிக்கத் தனிச் சட்டம் வேண்டும். இல்லாவிட்டால் முகத்துக்கு வரும்.) பிஸ்டனின் தலையில் ஒரு வளையம் இருக்க வேண்டும். அது காற்றைக் கசியவிடாமல் பிடிப்பது. அந்த இடத்தில் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி ஏதோ ஒன்று, விரல் பட்டதும் உதிர்ந்தது.

எனக்குச் சட்டென்று எங்கள் தெரு சைக்கிள் கடை ஞாபகம் வந்தது. பம்பு காற்றுப் பிடிக்கவில்லை என்றால் கடைக்காரர் தோல் வாஷரைக் கழற்றித் தேங்காய் எண்ணெய் தடவி மாட்டுவார். "சும்மா வெச்சா காஞ்சு போயிரும். தினம் அடிச்சிட்டே இருக்கணும்" என்பார். ஓபர்ன்டார்ஃப் வரை போய், மதுரையில் எட்டு வயதில் கேட்ட பாடத்தைத் திரும்பப் படித்திருக்கிறேன்.

செய்தவர்கள் மேல் குற்றம் இல்லை. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் வளையம் எதுவானாலும், யார் செய்ததானாலும், வருஷம் போகப் போக உதிரும். சுட்டாலும் வயசாகும். சும்மா கிடந்தால் வயசானது வெளியே தெரியாது, அவ்வளவுதான். அதனால்தான் பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னார். '2003-க்குப் பிறகு சுடவில்லை' என்றால் 'புதுசு மாதிரி' என்று அர்த்தம் இல்லை. 'வளையம் மாற்றப் பணம் ஒதுக்கு' என்று அர்த்தம்.

புது வளையம் இருபது யூரோவுக்குள் முடிந்தது. மாட்டிவிட்டுச் சுட்டார் பெரியவர். 131. 130. 132. மேல்பகுதி பட்டுப்போல் பின்னால் நழுவித் திரும்பியது. ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில்.

"இனி தப்பு நடந்தால் பிஸ்டல் மேல் பழி போட முடியாது" என்றார். அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ல், மனு பாக்கருக்குப் போட்டி நடுவில் பிஸ்டலே பழுதாகி நேரம் போனது. அவர் பழி சொல்லியிருந்தால் நியாயம். மூன்று வருஷம் கழித்துப் பதக்கத்தோடு வந்தார். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அன்றிலிருந்து என் பராமரிப்பு சுருக்கமானது. குண்டு போடாமல் சுடுவது கூடாது. காற்றின் மெத்தை இல்லாமல் பிஸ்டன் போய் மோதும். நெம்புகோலை இழுத்த நிலையில் வைத்துவிட்டுப் போவது கூடாது. சுட்டு முடித்ததும் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்பக்கம் துடைக்க வேண்டும். கை வியர்வை உப்பு, இரும்பைத் தின்னும். தண்டவாளத்துக்கு அதற்குரிய கிரீஸ், ஒரு பொட்டு. குழலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல், எப்போதாவது கம்பளித் திரியைச் செலுத்தினால் போதும். நுரைப்பஞ்சுப் பெட்டியில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் ஈரம் கட்டும். ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒருமுறையாவது சுட வேண்டும். எண்ணெய் பாட்டிலைப் பெரியவர் பறிமுதல் செய்துவிட்டார்.

மரக் கை

கைப்பிடி மட்டும் ஒத்துவரவில்லை. "ராவிச் சின்னதாக்கு" என்றார்கள். அரத்தைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். அந்த மனிதர் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து, ராவி, பிடித்துப் பார்த்து, மறுபடி ராவியிருப்பார்? வேறொரு சின்ன சைஸ் கைப்பிடி வாங்கி மாட்டிக்கொண்டேன்.

பழைய கைப்பிடியை எடுத்துக்கொண்டு மூன்றாவது தடவை ஓபர்ன்டார்ஃப் போனேன். இந்தத் தடவை தனியாக. பூட்டு தேவைப்படாத சாமான்.

பாட்டி அதை வாங்கி மேஜையில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கையை அந்தப் பள்ளங்களில் வைத்தார். விரல்கள் எட்டவில்லை. அப்படியே வைத்திருந்தார். நான் ஜன்னல் வழியே நெக்கார் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுடுகிறதா?" என்று கேட்டார்.

"அது நல்லா சுடுது பாட்டி. எனக்குத்தான் வர மாட்டேங்குது" என்றேன், என் ஜெர்மனில். சிரித்தார். "அவரும் முதல் வருஷம் அதையேதான் சொன்னார்."

வாசல் வரை வந்தார். விடைபெறும்போது கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டார்: "பூட்டு?"

சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினேன். ஸ்டுட்கார்ட் வீட்டுச் சாவிக்கும் மதுரை வீட்டுச் சாவிக்கும் நடுவில் அந்த நாலு யூரோப் பூட்டின் சாவி. அதைத் தனியாகப் பிரித்து, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "என்னடா, இன்னிக்கு எத்தனை காகிதத்தைச் சுட்டே?" என்றாள்.

"இன்னிக்கு ஒண்ணும் சுடலைம்மா."

"அப்பாடா" என்றாள்.